வங்காளப் படையும் 1856ஆம் ஆண்டுச் சேர்ப்பாணையும்

கிழக்கிந்தியக் கும்பெனியாரின் வங்காளப் படையில் 1857ஆம் ஆண்டு மூண்ட கிளர்ச்சிக்குக் காரணம் கூறப் புகுவோர், கொழுப்புத் தடவிய தோட்டாவையே முதற்கண் எடுத்துரைப்பர். அதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்த படைச்சேர்ப்பு ஆணையோ பெரும்பாலும் ஒரு வரியில் அமைந்துவிடுகின்றது. 1856ஆம் ஆண்டு சூலை 25ஆம் நாள் கானிங்கு பிரபு பிறப்பித்த அவ்வாணை, இனிப் படையிற் சேர்வோர் கடல் கடந்தும் எவ்விடத்தும் பணிபுரிய உடன்பட்டு உறுதிமொழி கூறுதல் வேண்டும் என விதித்தது. முன்னரே சேர்ந்திருந்தாரை அது கட்டுப்படுத்தவில்லை. சொல்லளவில் நோக்கின், பணியிலிருந்த சிப்பாயின் உரிமை எதுவும் பறிக்கப்படவில்லை. அங்ஙனமாயின் அவன் அஞ்சியது எதனை என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

வங்காளச் சிப்பாய்களுட் பெரும்பாலார் அயோத்தி, பீகார் நாட்டு உயர்சாதி உழவர் குடியினர். கடற்செலவு சாதியைக் கெடுக்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. தரைவழிச் செல்லவே அவர்கள் கடமைப்பட்டிருந்தனர். கடல்வழிச் செல்ல விரும்பி முன்வருவாரையே கும்பெனியார் அனுப்பி வந்தனர். 1824இல் பருமியப் போருக்குச் செல்லுமாறு பணிக்கப்பட்டபோது, சுமை தூக்க மாடுகளின்மையாலும் கப்பலேற்றப்படுவோமென்ற ஐயத்தாலும் பாரக்பூரில் 47ஆம் படைப்பிரிவு மறுத்து நின்றது. அதன்மீது பீரங்கி ஏவப்பட்டது. அப்பிரிவின் பெயரே படைப்பட்டியலினின்று நீக்கப்பட்டது. 1852இல் 38ஆம் பிரிவு பருமாவுக்குக் கடல்வழிச் செல்ல மறுத்தபோது, தால்கௌசி பிரபு அதனை டாக்காவுக்கு அனுப்பியமைந்தார். பெகு நாடு கைப்பற்றப்பட்டபின் அங்குக் காவற்படை வைத்தல் இன்றியமையாததாயிற்று. வங்காளத்தின் 74 காலாட்படைப் பிரிவுகளுள் ஆறு மட்டுமே எங்கும் செல்ல உடன்பட்டவை. சென்னைப் படையோ 1762இல் மணிலாவுக்கும், பின்னர்ப் பருமாவுக்கும் சீனத்துக்கும் கப்பலேறியது. பெகுவின் சுமையையும் சென்னையே தாங்கட்டும் என்றபோது, சென்னை அரசாங்கம் அதனை விரும்பவில்லை. ஆகவே கானிங்கின் ஆணைக்கு நிருவாக நோக்கில் தக்க காரணம் உண்டு.

ஆயினும் சிப்பாய் இவ்வாணையைத் தனித்து நோக்கினானல்லன். அவனது மாதச் சம்பளம் ஏழு ரூபாய். அந்நிய மண்ணிற் போர்புரியும் காலத்து 'பத்தா' எனும் மிகைப்படி கிடைத்தது. (நம் ஊர்தி ஓட்டுநர் இன்றும் வழங்கும் 'பேட்டா' என்பது இச்சொல்லே.) போரில் வென்ற நாடு கும்பெனியின் ஆட்சிக்குட்பட்டவுடன் அஃது அந்நிய மண் அன்றாயிற்று, படியும் நின்றது. தன் வெற்றியாலேயே சிப்பாய் வருவாய் இழந்தான். படியின்றிச் சிந்து நாடு செல்ல மறுத்த 34ஆம் பிரிவு 1844இல் கலைக்கப்பட்டது. பஞ்சாப் இணைக்கப்பட்டபின் இக்குறையே மீண்டும் எழ, கோவிந்தகரில் இருந்த 66ஆம் பிரிவு 1850இல் அவ்வாறே கலைக்கப்பட்டது. 1854இல் கட்டணமின்றிக் கடிதம் விடுக்கும் சலுகையும் ஒழிந்தது. கடல் கடந்த பணிக்குத் தகுதியற்றவர் ஓய்வூதியம் பெற்று வீடு திரும்பலாகாது, பாசறைக் காவலில் நீடிக்க வேண்டும் என்ற விதியும் இக்காலத்ததே. இவ்விதி புதியவரையன்று, முதியவரையே தாக்கியது.

இன்னுமொன்று கருதற்பாலது. வங்காளப் படையில் பணி ஒருவகைக் குடும்பச் சொத்து. தந்தை மைந்தனையும், தமையன் தம்பியையும் தம் பிரிவிலேயே கொணர்ந்து சேர்ப்பர். 'இனிச் சேர்வோர்க்கு மட்டும்' என்று சட்டம் வரைந்தோர் தனிமனிதனை எண்ணினர். படித்தறிந்தோர் குடியை எண்ணினர். மைந்தன் கூறும் உறுதிமொழி தந்தைக்கும் உரியதே எனக் கொள்ளப்பட்டது.

1856 நவம்பரில் எழுதிய கடிதமொன்றில் கானிங்கு, புதிய விதியாற் சாதியுணர்ச்சி கிளர்ந்தெழும் என்ற அச்சம் இல்லை எனக் குறித்தார். அயோத்தியின் தலைமை ஆணையராக இருந்த சர் என்றி லாரன்சோ, 1857 மே முதல் நாளில் அவருக்கு எழுதியபோது, அவ்வுறுதிமொழி மிகவும் வெறுக்கப்படுகின்றதென்றும், பலரைப் படையினின்று விலக்குகின்றதென்றும், இளையோர் கூறும் மொழி படைப்பிரிவு முழுவதையும் பிணிக்கும் என முதிய சிப்பாய்கள் அஞ்சுகின்றனரென்றும் தெரிவித்தார். கானிங்கு கல்கத்தாவிலிருந்து ஆணையின் வாசகத்தைப் பொருளாகக் கொண்டார். லாரன்சு, சிப்பாய்களின் தாயகமாகிய அயோத்தியிலிருந்து எழுதினார். இவ்வாணை ஒன்றே கிளர்ச்சியை விளைத்தது என்பார் கூற்றை யாம் ஏற்பதற்கில்லை. அடுத்த ஆண்டு தோட்டாவைப் பற்றிய வதந்தி பரவியபோது, கும்பெனியார் அளித்த மறுமொழியைச் சிப்பாய் நம்பாமைக்கு இது பெரிதும் காரணமாயிற்று என்பதே எம் துணிபு.