கார் கம்ப்யூட்டரும் ஒரு ரப்பர் வளையமும்

போன மழையில் என் கார் செக் இஞ்சின் விளக்கைப் போட்டுவிட்டு கரும்புகை கக்க ஆரம்பித்தது. சர்வீஸில் "ஈசியூ மாத்தணும் சார்" என்றார்கள். கடைசியில் பார்த்தால், ஒரு கனெக்டருக்குள் பச்சைக் களிம்பு! அதைத் தேடிப்போனதில் கிடைத்த கதை இது.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வாரன் என்று ஒரு ஊர். பாக்கார்ட் சகோதரர்கள் 1890ல் அங்கே ஒரு மின்சாதனக் கம்பெனி ஆரம்பித்தார்கள். பாக்கார்ட் கார் செய்ததும் இவர்களேதான். 1932ல் பாக்கார்ட் எலக்ட்ரிக்கை ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கியது. (கார் கம்பெனி தனி, அதை வாங்கவில்லை.)

அந்தக் காலத்துக் காரில் ஒயர் என்றால் விளக்கு, ஹாரன், ஸ்டார்ட்டர். கனெக்டரில் துரு ஏறினால் விளக்கு கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். 1970ல் வந்த தூய காற்றுச் சட்டம் புகைக்குக் கடிவாளம் போட்டது. 1981 மாடலில் ஜிஎம் தன் அமெரிக்க பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவற்றுக்குள் கம்ப்யூட்டரை வைத்துவிட்டது.

சிக்கல் அங்கேதான். ஜிஎம்மின் கூலன்ட் சென்சார் 90 டிகிரியில் சுமார் 240 ஓம் காட்டும். களிம்பு ஒரு 200 ஓம் சேர்த்தால், இஞ்சின் 70 டிகிரிதான் என்று கம்ப்யூட்டர் நம்பிவிடும். குளிரா இருக்கேன்னு பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். பனிக்காலத்தில் ரோட்டில் உப்புக் கொட்டும் ஊர்களில் இது எவ்வளவு சீக்கிரம் நடக்கும், யோசித்துப் பாருங்கள்.

பாக்கார்ட் எலக்ட்ரிக் தந்த விடைதான் 'வெதர்-பேக்'. ஒவ்வொரு ஒயரிலும் வரி வரியாய் மேடுள்ள ஒரு சிலிகான் சீல், இரு பாதிகளும் சேரும் இடத்தில் இன்னொன்று. நம்மைப் போன்ற சாஃப்ட்வேர்க்காரர்கள் இதைச் சிப்பின் வரலாறாகவே படித்திருக்கிறோம். சீல் இல்லாமல் அந்தச் சிப் ரெண்டு குளிர்காலம் தாண்டியிருக்குமா என்பது என் சந்தேகம்.

சூடான கனெக்டர் மேல் தண்ணீர் பட்டால், உள்ளே காற்று சுருங்கி ஈரத்தை உறிஞ்சும். அதனால்தான் சோதிக்கும்போது ஒயரை ஊசியால் குத்தக் கூடாது, அந்த ஓட்டையே போதும். சென்சாரில் ஒருமுறை, ஈசியூ பக்கம் கழற்றிய முனையில் ஒருமுறை ஓம் பார்த்தேன். வித்தியாசம் வந்தது, வழியில்தான் கோளாறு.

சீலை மட்டும் மாற்றலாம் என்று நினைத்தேன். முடியாது. டெர்மினலை கிரிம்ப் செய்யும் முன்பே சீலை ஒயரில் கோத்துவிட வேண்டும். ஆகவே நறுக்கி, புது சீல், புது டெர்மினல். வினிகர் வாடை அடிக்கும் சீலன்டைப் பூசவே பூசாதீர்கள், அந்த அமிலம் செம்பைத் தின்னும்.

ஈசியூ பழசுதான். நல்லா ஓடுது.