நெற்றியிலிருந்து இறங்கிய மூக்கு

மூக்கின் மேல் ஒரு மரு சில வாரங்களில் சுண்டைக்காய் அளவுக்கு வளர்ந்து நடுவில் புண்ணானால், டாக்டர்கள் காத்திருப்பதில்லை. துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். புற்று என்றால் சுற்றியுள்ள நல்ல தோலையும் சில மில்லிமீட்டர் சேர்த்து அறுத்துவிடுவார்கள். பள்ளம் பெரிதென்றால் நெற்றித் தோலை இறக்கி மூடுவார்கள். இந்த வித்தை பிறந்தது புற்றுநோய்க்காக அல்ல, மூக்கறுபட்டவர்களுக்காக.

கவாஸ்ஜி என்ற மராட்டியர் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டியவர். 1792 மைசூர்ப் போரில் திப்புவின் ஆட்களிடம் சிக்கி, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஓராண்டு கழித்து, புனே அருகே செங்கல் செய்யும் குலத்தவர் ஒருவர் அவருக்குப் புது மூக்கு வைத்தார். பம்பாய் மாகாண டாக்டர்கள் குரூசோவும் ஃபிண்ட்லேயும் கூடவே நின்று பார்த்தார்கள்.

மெழுகைத் தகடாக்கி, மூக்கிருந்த இடத்தில் பொருத்தி அளவு பார்த்தார் அந்த மனிதர். தகட்டைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு கிழித்தார். கோட்டின் வழியே தோலை உரித்தார். இரு புருவங்களுக்கு நடுவே மட்டும் ஒரு சிறு பட்டையை அறுக்காமல் விட்டார். அந்தக் காம்பில்தான் சூட்சுமம். ரத்தம் அதன் வழியேதான் வரும். அறுந்தால் தோல் செத்துவிடும். தோலைத் திருப்பி மூக்கில் படியவைத்து, வெற்றிலைக்குப் போடுகிற காசுக்கட்டியைக் குழைத்துத் துணியில் தடவி ஒட்டினார். தையல் கிடையாது, மயக்க மருந்தும் கிடையாது. நான்கு நாள் கழித்து நெய்யில் நனைத்த துணி. சுமார் இருபத்தைந்தாம் நாள் காம்பை வெட்டினார்.

1794 அக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதைப் படத்தோடு வெளியிட்டது. வண்டிக்காரர் பெயர் உண்டு, டாக்டர்கள் பெயர் உண்டு. மூக்கு வைத்தவர் பெயர் மட்டும் இல்லை! பண்டைய இந்திய மருத்துவர் சுசுருதர் கன்னத் தோலால் மூக்குச் செய்யச் சொன்னவர். நெற்றிக்கு மாற்றியவர் யாரென்பதற்கும் பதிவில்லை. பத்திரிகைச் செய்தியைப் படித்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஜோசப் கார்ப்யூ 1814-ல் லண்டனில் அதையே செய்து, 1816-ல் நூலாக்கினார். மேல்நாட்டில் அதற்கு 'இந்திய முறை' என்றே பெயர் நிலைத்தது.

இன்று அறுத்தெடுத்த ஓரத்தில் புற்று மிச்சமில்லை என்று உறுதியான பிறகே நெற்றியைத் தொடுவார்கள். காம்பை வெட்டச் சுமார் மூன்று வாரம். அதுவரை காம்பு மூக்கின் மேலேயே கிடப்பதால், கண்ணாடி போடுகிறவர் பாடு திண்டாட்டம்தான்.