பாம்பன் பாலத்தின் ரிவெட்டுகள்

பாம்பன் ரயில் பாலம் என்றால் 1914 பிப்ரவரியில் அது திறக்கப்பட்டதையும், கப்பலுக்கு வழிவிடும் ஷெர்சர் தூக்குப் பகுதியையும்தான் பேசுகிறோம். 2 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட அந்த இரும்பைத் தகடு தகடாகக் கோத்தவர்களின் வேலைத்தரத்தைப் பேசுவதில்லை. உப்புக் காற்று ஓயாத இந்தக் கரையில் துருவை எந்தத் தொழிலாளியாலும் வென்றுவிட முடியாது. அதனால் பழுது எங்கே என்று காட்டிக்கொடுக்கும் வேலை, பழுதான துண்டை மட்டும் மாற்ற இடங்கொடுக்கும் வேலை, இதுவே இங்கே நல்ல வேலை. ரிவெட் அப்படிப்பட்டது. செக்கச்செவேலெனக் காய்ந்த ஆணியைத் துளையில் செருகி, ஒருவர் பின்னால் முட்டுக்கொடுக்க மற்றவர் முனையை அடித்துக் கொண்டையாக்குவார். ஆறும்போது ஆணி சுருங்கித் தகடுகளை இறுக்கிப் பிடிக்கும். பிற்பாடு சோதிப்பவர் கொண்டையின் ஒரு பக்கம் விரலை வைத்து மறுபக்கம் சிறு சுத்தியலால் தட்டுவார். தளர்ந்த ஆணி விரலில் அதிரும். அதைச் சுற்றித் துருநீர் வழிந்த தடமும் இருக்கும். அந்த ஓர் ஆணியை வெட்டியெடுத்து வேறு அடித்தால் போதும்.

அவ்வளவு நல்ல வேலையென்றால் 1964 டிசம்பர் புயலில் நூற்றுக்கும் மேற்பட்ட கர்டர்கள் ஏன் கடலுக்குள் போயின என்று கேட்கலாம். அலை அவற்றைத் தூண்களிலிருந்து பெயர்த்துத் தள்ளியது; தகடுகளின் இணைப்பு விட்டுப்போனதல்ல காரணம். கடலடியில் கிடந்த கர்டர்களைத் தேடியெடுத்து மறுபடி ஏற்றியதால்தான் பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பிலிருந்த குழு 46 நாளில் பாலத்தைச் சீராக்க முடிந்தது. ஆணிகள் பிய்ந்திருந்தால் அந்த இரும்பு பழைய இரும்புக் கடைக்குத்தான் போயிருக்கும்.

இன்னொரு மறுப்பு வலுவானது: ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஆணியடித்த தகடுகளின் இடுக்கில்தான் உப்புநீர் தங்கித் துரு வளர்கிறது, வெல்டிங்கில் அந்த இடுக்கு இல்லை. உண்மைதான். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம் வெல்டிங்கை நம்பியதில் தவறில்லை. ஆனால் வெல்டிங்கின் உள்விரிசல் விரலுக்கும் சுத்தியலுக்கும் அகப்படாது. மீயொலிக் கருவி வேண்டும், அதைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும், சோதனைப் பதிவேடு தவறாமல் எழுதப்பட வேண்டும். ரயில்வே பாதுகாப்பு ஆணையரே 2024 நவம்பர் அறிக்கையில் புதிய பாலத்தின் துருத்தடுப்பு பற்றிக் குறை சொல்லியிருக்கிறார். எனவே அந்தச் சோதனைப் பதிவுகளை ஆண்டுதோறும் ரயில்வே தமிழில் வெளியிட வேண்டும். ராமேசுவரத்துக்கு ரயிலேறுகிறவர்களுக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு.