ஒரு துளிக் கண்மாய் நீர்

உத்தமபாளையத்துக் கருப்பணசாமி கோயிற்பாறையில் வரிசையாகச் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருவுருவங்களை நம்மவருள் சிலரேனும் நேரிற் கண்டு வணங்கியிருப்பர். அங்குள்ள வட்டெழுத்துப் பொறிப்புகளில் அச்சணந்தி முனிவரின் பெயரும் உண்டு. அவ்வட்டத்தைச் சேர்ந்ததே காமயகவுண்டன்பட்டி. மேற்கே மலைத்தொடர், ஊர்ப்புறத்தே திராட்சைப் பந்தல்கள், 1895இல் பெரியாற்று அணை கட்டி முடிந்தபின் செழித்த நெல்வயல்கள். அப்பகுதிக் கண்மாய் நீரில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டிலிட்டு, வீட்டிலுள்ள எளிய நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் போதும். செருப்பின் அடி போன்ற வடிவுடைய பரமீசியம் சுழன்று நீந்தும். மணி வடிவான வோர்டிசெல்லா தன் காம்பைத் திடீரெனச் சுருட்டிக்கொள்ளும்.

இக்காட்சியை உலகுக்கு முதலில் எழுதியறிவித்தவர் புலவரல்லர், பல்கலைக்கழகம் கண்டவருமல்லர். ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரத் துணிவணிகர் ஆண்டனி வான் லேவன்ஹூக். தாமே தேய்த்துச் செய்த ஒற்றை வில்லை கொண்டு 1674இல் தம் ஊருக்கருகிலிருந்த ஏரி நீரை நோக்கினார். ஈராண்டுகளுக்குப் பின், மிளகின் காரத்திற்குக் காரணம் யாதென அறியும் ஆவலால் மிளகை நீரில் ஊறவைத்துப் பார்த்தபோது, அதனினும் நுண்ணிய உயிர்கள் அளவிறந்து திரிவதைக் கண்டார். கொச்சித் துறைமுகம் 1663இலேயே டச்சுக்காரர் வசமாகி, மலைநாட்டு மிளகு அவர்தம் கப்பல்களில் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அவர் ஊறவைத்தது எந்நாட்டு மிளகோ! கம்பத்திற்கு மேற்கேயுள்ள மலைகளில் மிளகுக்கொடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். இலண்டன் ராயல் சங்கத்தார் முதலில் ஐயுற்றனர். 1677 நவம்பரில் ராபர்ட் ஹூக் அதே மிளகுநீரை ஆய்ந்து காட்டிய பின்னரே நம்பினர்.

கண்ணுக்குப் புலனாகா உயிர்கள் நீரில் உள என்பது நம் ஆகமங்களுக்குப் புதிதன்று. ஆயினும் இவ்விடத்தில் நிதானம் வேண்டும். நீரையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர் வேறு. நீரினுள் வாழும் இயங்குயிர் வேறு. ஓருடலை எண்ணிறந்த உயிர்கள் பகிர்ந்துகொள்ளும் நிகோதமோ இவ்விரண்டினும் வேறான கருத்து. அதனைப் பாக்டீரியா என்று மேடையில் முழங்குவது எனக்கு உடன்பாடன்று. நம் ஆசாரியர் கூறியது உயிரின் இயல்பைப் பற்றியது. லேவன்ஹூக் கண்டது உடலின் உருவத்தை. ஒன்றை மற்றொன்றின் சான்றாக நிறுத்தினால் இரண்டுக்குமே சிறுமைதான்.

நுண்ணோக்கி எழுப்பும் வினா ஒன்று உண்டு. இவ்வுயிர்களை எத்தனை அறிவுடையன என்பது? ஊதுகுழல் வடிவான ஸ்டென்டர் என்னும் ஒருசெல் உயிரை அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் ஜென்னிங்ஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆய்ந்தார். அதன்மேல் சாயத்துகள்களைத் தொடர்ந்து வீழ்த்தியபோது முதலில் உடலை வளைத்து விலகியது, பின் தன் நுண்மயிர்களை எதிர்ப்புறமாக அசைத்துத் துகள்களைத் தள்ளியது, பிறகு சுருங்கிக்கொண்டது, இறுதியில் பற்றியிருந்த இடத்தைவிட்டே பெயர்ந்து சென்றது. பின்னர் வந்தோர் சிலர் இதனை ஏற்கவில்லை. 2019இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் மீண்டும் செய்து பார்த்து, ஜென்னிங்ஸ் கண்டது மெய்யே என்றனர். மூளையில்லை, நரம்பில்லை; எனினும் துன்பம் தொடர்ந்தால் அது தன் செயலை மாற்றிக்கொள்கிறது. தொல்காப்பிய மரபியலின் அறிவுப் பகுப்பைப் பலகாலம் வகுப்பில் நடத்தியவன் யான். ஸ்டென்டரை எவ்வரிசையில் வைப்பதென்று இன்றும் துணிய இயலவில்லை.

நீரை வடித்துப் பருகும் நம் வழக்கத்திற்கு அண்மைக்காலச் சான்று வங்கதேசத்திலிருந்து வந்தது. அங்கு மட்லப் பகுதிச் சிற்றூர்களில், நான்காக மடித்த பழைய பருத்திச் சேலையால் குளத்துநீரை வடிக்குமாறு பெண்களுக்குக் கற்பித்தனர். ரீட்டா கோல்வெல் குழுவினர் 2003இல் வெளியிட்ட முடிவின்படி வாந்திபேதி 48 விழுக்காடு குறைந்தது. அந்நோயின் கிருமி தனித்து வந்தால் துணியின் கண்களில் நுழைந்துவிடும். ஆனால் அது பெரும்பாலும் கோபிபாட் எனும் நீர்ச்சிற்றுயிர்களைப் பற்றிக்கொண்டே வாழ்கிறது. அவை துணியில் தங்கிவிடுகின்றன. பலமுறை துவைத்த நூல் தளர்ந்து பரவிக் கண்கள் சிறுத்துவிடுவதால் புதுத்துணியினும் பழந்துணியே நன்று. நம் பாட்டிமார் வடித்தது தம் உடல்நலம் கருதி அன்று, அவ்வுயிர்களின் பொருட்டு. பயன் இருபுறமும் கிடைத்தது. (வடித்தபின் காய்ச்சுவதை விட்டுவிடலாகாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.)

இன்று நுண்ணோக்கி அரும்பொருளன்று. மனு பிரகாஷ் என்னும் இந்தியர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் வடிவமைத்த ஃபோல்டுஸ்கோப், தாளை மடித்துச் செய்வது. 140 மடங்கு பெருக்கிக் காட்டும். லேவன்ஹூக்கின் கருவியைப் போலவே ஒற்றை வில்லை உடையது. நம் இல்லத்துப் பிள்ளைகள் இதனைக் கையாளும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். விளக்கின் வெப்பத்தில் துளி சில நிமிடங்களிலேயே வற்றத் தொடங்கும். நீர் குறையக் குறைய உயிர்களின் ஓட்டம் தடுமாறும். அந்நிலைக்கு முன்னரே தகட்டை எடுத்துவிடுதல் வேண்டும். வடிதுணியில் தங்கியதைக் கிணற்றதாயின் கிணற்றிலும் குளத்ததாயின் குளத்திலும் விடுவது நம் பழைய முறை. கண்ணாடித் தகட்டையும் சோப்பிட்டுக் கழுவுமுன், துளி எடுத்த நீரிலேயே ஒருமுறை அலசிவிடலாம்.