கண்ணுக்கும் காதுக்கும் இடையே

எடப்பாடிக்கு அருகிலுள்ள பூலாம்பட்டியில் காவிரி அகன்று கிடக்கும். சிறு வயதில் அங்கே கரையில் அமர்ந்து, எதிர்க்கரையில் துணி துவைப்பவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். துணி கல்லில் விழுவது முதலில் தெரியும்; அவர் அதை மீண்டும் ஓங்கும்போதுதான் அடித்த ஓசை வந்து சேரும். ஒளி விரைந்து வருகிறது, ஒலி பின்தங்கி வருகிறது என்று பிறகு பள்ளியில் படித்தேன். அந்தப் படிப்பு தேர்வுக்கு உதவியது. அது வாழ்வுக்கும் உதவும் என்பதை, ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரே அறிந்தேன்.

அதை எனக்கு உணர்த்தியவள் என் பழைய மாணவி ஒருத்தி. அவள் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டிக்குப் பயிற்சி செய்பவள். அப்போட்டியில் இலக்கின் நடுப்புள்ளியின் விட்டம் 0.5 மில்லிமீட்டர்தான். ஒரு நாள் அவள் தன் கைப்பேசியை இலக்கின் அருகே பாதுகாப்பாக வைத்து, தான் சுடுவதை விநாடிக்கு 240 படங்கள் வீதம் பதிவு செய்துகொண்டு வந்தாள். முகம் வாடியிருந்தது. “ஐயா, வெடியோசை கேட்பதற்கு ஏழு படங்களுக்கு முன்பே என் துப்பாக்கி அசைந்துவிடுகிறது. இத்தனை ஆண்டுகளாகத் தவறாகவே சுட்டு வந்திருக்கிறேன். விசையை இழுக்கும் முறையையே மாற்றிவிடப் போகிறேன்” என்றாள்.

எனக்கு எதிர்க்கரைத் துணி நினைவுக்கு வந்தது. அதனோடு, இருநூறு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் நடந்த ஓர் ஆராய்ச்சியும் நினைவுக்கு வந்தது.

நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகம் அமைந்தது. அங்கே வானியலாளராக இருந்தவர் ஜான் கோல்டிங்காம். அந்நாளில் புனித ஜார்ஜ் கோட்டையிலும், பரங்கிமலைப் படைமுகாமிலும் காலையும் மாலையும் பீரங்கி வெடிப்பது வழக்கம். வானாய்வகத்திலிருந்து கோட்டை சுமார் 4¼ கிலோமீட்டர். பரங்கிமலை சுமார் 9 கிலோமீட்டர். ஊரார்க்குப் பொழுது காட்டிய அந்த வெடியைக் கோல்டிங்காம் அறிவியலுக்குப் பயன்படுத்தினார். பீரங்கியின் தீப்பொறி கண்ணில் பட்டது முதல் ஓசை காதில் விழும் வரை காலமானியைக் கொண்டு கணக்கிட்டனர். ஒளி 9 கிலோமீட்டரைக் கடக்க ஒரு விநாடியில் லட்சத்தில் மூன்று பங்கே போதும். ஒலிக்கோ ஏறத்தாழ 26 விநாடி வேண்டும். ஆகவே இடைவெளி முழுவதும் ஒலியின் கணக்கிலேயே சேரும்.

ஒருமுறை அளந்து அவர் மனநிறைவு அடையவில்லை. 1820, 1821-ஆம் ஆண்டுகளில் மாதந்தோறும் அளந்தார். வெப்பம், ஈரப்பதம், காற்றின் திசை ஆகியவற்றையும் உடன் குறித்தார். ஜனவரியில் விநாடிக்கு ஏறத்தாழ 1,100 அடி சென்ற ஒலி, ஜூலையில் ஏறத்தாழ 1,160 அடி சென்றது. காற்றுவெளி வெம்மையுற்றால் ஒலியின் வேகம் மிகும். வீசும் காற்றும் அதைக் கூட்டும், குறைக்கும். 1823-இல் இந்த முடிவுகள் இலண்டன் ராயல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியாயின.

மாணவ நண்பர்களே, இத்தகைய அளவையில் மற்றொரு சிக்கலும் உண்டு. கண்ணால் கண்டு காதால் எண்ணுபவன் மனிதன். 1796-இல் கிரீனிச் வானாய்வகத்தில் நெவில் மாஸ்கெலைன் என்ற தலைமை வானியலாளர், தம் உதவியாளர் டேவிட் கின்னபுரூக்கை வேலையிலிருந்து நீக்கினார். கடிகாரத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே விண்மீன் தொலைநோக்கியின் கம்பியைக் கடக்கும் நேரத்தைக் குறிப்பது அவர் பணி. அவர் குறித்த நேரம் தலைவர் குறித்ததைவிட 0.8 விநாடி பிந்தியிருந்தது, அதுவே குற்றமாயிற்று. பின்னர் பெஸ்ஸல் என்ற ஜெர்மானிய வானியலாளர் இதை ஆராய்ந்து, ஒவ்வொருவருடைய கணிப்பிலும் அவரவர்க்கே உரிய வேறுபாடு உண்டு என்று காட்டினார். கின்னபுரூக் சோம்பேறி அல்லர். அளவுக்கும் அளப்பவனுக்கும் உள்ள உறவை அக்காலம் அறியவில்லை.

மாணவியிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். “ஒலி 10 மீட்டர் வர எத்தனை விநாடி ஆகும், கணக்கிடு அம்மா” என்றேன். விநாடிக்கு 345 மீட்டர் என்று வைத்தாள், 0.029 வந்தது. அதை 240-ஆல் பெருக்கினாள். ஏழு! துப்பாக்கி முந்தி அசையவில்லை; ஓசைதான் பிந்தி வந்தது. கைப்பேசியைத் தன் பக்கத்திலேயே வைத்து மறுபடி பதிவு செய்தாள். ஏழு படங்களின் இடைவெளி மறைந்தது. ஆனால் சில குண்டுகளில் மட்டும், சுடுவதற்குச் சற்று முன் தோள் இறுகுவது தெளிவாகத் தெரிந்தது. பொய்க் குறை விலகிய பின்னரே மெய்க் குறை கண்ணில் பட்டது. அன்று தொட்டு அவள் அதைத்தான் திருத்தி வருகிறாள்.

இந்தக் கலையில் காலக் கணக்கு எங்கும் நிறைந்திருக்கிறது. 25 மீட்டர் விரைவுக் கைத்துப்பாக்கிப் போட்டியின் கடினமான சுற்றில் 5 குண்டுகளையும் 4 விநாடிக்குள் சுட வேண்டும். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டு விஜய் குமார் வெள்ளி வென்றது அப்போட்டியிலேதான். பயிற்சியில் ஓசையைப் பதிந்தால், முதற் குண்டு எப்போது புறப்பட்டது, அடுத்தடுத்த குண்டுகளுக்கிடையே எவ்வளவு நேரம் சென்றது என்பது தெரியும். படத்தைப் பார்த்தால், ஒவ்வொரு குண்டுக்கும் முன் குழல்முனை நிலைத்து நின்றதா என்பது தெரியும்.

மின்னணு இலக்குகளில் ஒருவகை, குண்டு பட்ட இடத்தை ஒலியைக் கொண்டே அறிகிறது. பல ஒலிவாங்கிகளுக்கு ஓசை எட்டும் நேர வேறுபாட்டை அது கணக்கிடும். ஒரு மில்லிமீட்டருக்கு விநாடியில் பத்து லட்சத்தில் மூன்று பங்கு நேரம்! அங்கும் வெப்பநிலையைக் கணக்கில் கொள்ள வேண்டும். கோல்டிங்காம் மாதந்தோறும் குறித்தது வீண்போகவில்லை.

கருவி காட்டுவதை நம்புங்கள். ஆனால் கருவியை எங்கே வைத்தோம் என்பதையும் கேளுங்கள். தம்மீதோ பிறர்மீதோ குற்றம் சுமத்தும் முன், எதிர்க்கரையிலிருந்து ஓசை வந்து சேரச் சற்று நேரம் கொடுங்கள்.