விரலும் ஒலியும் பிரிந்த காலம்: 1980களின் சின்தசைசரும் பியானோவும்

1970களின் மேடைகளில் பியானோவுக்கு மாற்றாக நின்ற எலெக்ட்ரிக் பியானோக்களில் மின்சாரம் ஒலியைப் பெருக்கியதே தவிர, அதைப் பிறப்பிக்கவில்லை. ஹரோல்ட் ரோட்ஸ் வடிவமைத்த கருவியில் சுத்தியல் ஒரு மெல்லிய எஃகுத் தண்டைத் தட்ட, அதன் அதிர்வைக் காந்தச் சுருள் மின்னலையாக மாற்றியது. வுர்லிட்சரில் தண்டின் இடத்தில் எஃகு நாக்கு இருந்தது. யமஹா 1976இல் வெளியிட்ட சிபி-70இலோ உண்மையான பியானோத் தந்திகளே இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. அழுத்தினால் உரத்தும் தடவினால் மென்மையாகவும் ஒலித்த இக்கருவிகள் விரலுக்கு உகந்தவையாக இருந்தாலும், ரோட்ஸ் 50 கிலோவுக்கு மேலும் சிபி-70 நூறு கிலோவுக்கு மேலும் எடை கொண்டிருந்ததால், அவற்றை ஊர் ஊராகத் தூக்கிச் சென்றவர்களின் தோள்களுக்கு அப்படி இருக்கவில்லை. ஒலியையே மின்சுற்றால் உருவாக்கிய மின்னணுப் பியானோக்கள் எடை குறைந்தவை. ஆனால் விரலின் வேகத்தை உணர்ந்து ஒலி அளவை மாற்றும் திறன், ரோலண்ட் நிறுவனத்தின் ஈபி-30 வந்த 1974 வரை அவ்வகைக் கருவிகளுக்கு வாய்க்கவில்லை.

1980களில் மேடைக்கு வந்த எண்முறை ஒலியாக்க முறைகளுள் ஒன்றின் தொடக்கம் பியானோவோடு தொடர்பில்லாத ஓர் ஆய்வில் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் 1967இல், ஓர் அலையின் அதிர்வெண்ணை மற்றோர் அலையைக் கொண்டு மிக விரைவாக அசைத்தால், இரண்டே எளிய அலைகளிலிருந்து செறிந்த, காலத்தோடு மாறிக்கொண்டே இருக்கும் ஒலி கிடைப்பதைக் கண்டார். அதிர்வெண் பண்பேற்றம் எனப்படும் இம்முறையை அமெரிக்க ஆர்கன் நிறுவனங்கள் ஏற்க முன்வராத நிலையில், யமஹா உரிமம் பெற்றுப் பல ஆண்டுகள் உழைத்து, முதலில் 88 விசைகளுடன் ஜிஎஸ்-1 என்ற விலையுயர்ந்த பெருங்கருவியையும், 1983இல் ஏறத்தாழ 2,000 டாலர் விலையில் 14 கிலோ எடையுள்ள டிஎக்ஸ்-7ஐயும் கொண்டுவந்தது.

டிஎக்ஸ்-7இன் வெற்றியில் அதன் ‘இ.பியானோ 1’ என்ற ஒற்றை ஒலிக்குப் பெரும்பங்கு உண்டு. ஆபரேட்டர் எனப்படும் ஆறு அலையாக்கிகள் அதில் மூன்று இணைகளாகப் பிரிந்து இயங்குகின்றன. ஓர் இணையில் அசைக்கும் அலை, கேட்கும் அலையைப் போல 14 மடங்கு வேகத்தில் அதிர்வதால், சுரத்தின் தொடக்கத்தில் எஃகைத் தட்டியது போன்ற ஒரு கிணுக்கம் எழுந்து உடனே தேய்கிறது. விசையை ஓங்கி அழுத்தினால் பண்பேற்றமும் கூடுவதால், ஒலி உரக்க மட்டுமல்லாமல் கூர்மையாகவும் ஆகிறது. ரோட்ஸில் எஃகுத் தண்டு செய்த வேலையை இங்கே கணக்கு செய்தது என்பதால்தான், நுட்பமான வாசிப்பாளர்களும் இதை வெறும் போலி என்று ஒதுக்கவில்லை. இரண்டு வரிச் சிறு திரையும் ஒரே ஒரு நகர்த்துகோலும் மட்டுமே இருந்த அக்கருவியில் புதிய ஒலி அமைப்பது சிரமம் என்பதால், பெரும்பாலோர் ஆலை தந்த ஒலிகளோடு நின்றுவிட்டனர். எண்பதுகளின் மென்பாடல்கள் பல ஒரே பியானோவில் வாசித்தவை போலக் கேட்பதற்கு இதுவே காரணம்.

ஆனால் பியானோ பயின்ற கைக்கு டிஎக்ஸ்-7 குறைபட்ட கருவி. அதில் 61 விசைகளே இருந்தன. அவையும் சுத்தியலின் கனமற்றவை. ஒரே நேரத்தில் 16 சுரங்கள் மட்டுமே ஒலிக்கும் என்பதால், நீட்டிப்பு மிதியை அழுத்தியபடி இடக்கையில் ஒரு கீழ்ச்சுரத்தைப் பிடித்து வலக்கையால் மேல்நோக்கி ஓடினால், பதினேழாவது சுரம் எழும்போது முன்பு பிடித்தவற்றுள் ஒன்று அறுபட்டுப்போகும். யமஹாவே இதை உணர்ந்திருந்ததால்தான், அதே பண்பேற்ற முறையை 88 விசைகளோடும் சில தயார் ஒலிகளோடும் பிஎஃப்-15 என்ற பெயரில் பியானோ வாசிப்போருக்கெனத் தனியாக விற்றது.

உண்மையான பியானோவின் ஒலியைப் பதிவுசெய்து திரும்ப ஒலிக்கச் செய்வது மற்றொரு வழி. ஸ்டீவி வொண்டரின் விருப்பத்தை ஒட்டி ரே கர்ஸ்வைல் 1984இல் உருவாக்கிய கே-250 அதில் வியக்கத்தக்க அளவு வென்றது. ஆயினும் நினைவகச் சில்லுகள் விலை மிகுந்திருந்த அக்காலத்தில் அதன் விலை 10,000 டாலரைத் தாண்டியது. ரோலண்ட் 1986இல் வெளியிட்ட ஆர்டி-1000, பியானோவின் ஒலி சுரத்துக்குச் சுரமும் அழுத்தத்துக்கு அழுத்தமும் எவ்வாறு மாறுகிறது என்று முன்கூட்டியே ஆராய்ந்து, அம்மாற்றத்தையே மீண்டும் தொகுத்துத் தந்தது. அதனால் மென்மையிலிருந்து உரப்புக்குப் போகும்போது பதிவு மாறுவதன் திடீர்த் தாவல் அதில் கேட்பதில்லை. இசைத்தட்டுகளில் டிஎக்ஸ்-7 பெற்ற புகழ் ஆர்டி-1000க்குக் கிட்டவில்லை. பியானோ வாசிப்பவரின் கைக்கு எது நெருக்கமானது என்று பார்த்தால் தீர்ப்பு மறுபக்கம்தான் சாயும். ரோட்ஸின் உற்பத்தி இதற்குள் நின்றுபோயிருக்க, அந்தப் பெயரையும் 1987இல் ரோலண்டே வாங்கியது.

கைக்கு உகந்த விசைகள், விரும்பிய ஒலி ஆகிய இரண்டில் ஒன்றை வாசிப்பாளர்கள் தேர்ந்தாக வேண்டிய கட்டாயத்தைத் தளர்த்தியது, வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒரே கம்பிவழிப் பேசிக்கொள்ள 1983இல் நடைமுறைக்கு வந்த மிடி என்ற பொதுமுறை. ஒரு கருவியின் விசைகளை அழுத்தி மற்றொன்றின் ஒலியை எழுப்ப முடிந்ததால், கனமான 88 விசைகள் மட்டும் உள்ள, தனக்கென ஒலியே இல்லாத கேஎக்ஸ்-88ஐ யமஹா விற்றது. ஆர்டி-1000இன் ஒலிமுறையை மட்டும் விசைகளே இல்லாத பெட்டியில் அடைத்து எம்கேஎஸ்-20 என்று ரோலண்ட் விற்றது. ஒன்றோடொன்று போட்டியிட்ட அவ்விரு நிறுவனங்களின் இந்த இரண்டு பொருள்களையும் வாங்கி, ஒரே கம்பியால் இணைத்து ஒரே பியானோவாக வாசிப்பதற்கும் தடை எதுவும் இருக்கவில்லை.