கெளுத்திக்கு வந்த உத்தியோகம்

வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்க்கும் அன்பர்கள் பலரிடம் ஒரு வழக்கம் உண்டு. வண்ண மீன்களை ஆசையோடு தேர்ந்து வாங்கிய பின்னர், தொட்டியின் அழுக்கைத் தின்பதற்கு என்று ஒரு கெளுத்தியையும் வாங்கிச் செல்வார்கள். மற்றவை அழகுக்காக, இது வேலைக்காக. இந்த வேலை அதற்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதைச் சரித்திரத்தின் துணைகொண்டு ஆராய விரும்புகிறேன்.

இங்கிலாந்தில் கண்ணாடி மீதிருந்த வரி 1845-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அதன் பின் சில ஆண்டுகளில், இலண்டனில் வாழ்ந்த இராபர்ட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர், ஒரு கண்ணாடிப் பாத்திரத்து நீரில் இரண்டு பொன்மீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் இட்டுச் சோதனை செய்தார். செடி வெளியிட்ட பிராணவாயுவால் மீன்கள் உயிர் வாழ்ந்தன. ஆனால், பழுத்த இலைகள் அழுகி நீர் கெடலாயிற்று. அவர் குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். அவை அழுகலைத் தின்றன, நீரும் தெளிந்தது. இதனை 1850-இல் அவர் அறிஞர் உலகுக்கு அறிவித்தார். 1853-இல் இலண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் வெளிவந்தது. மீன்தொட்டி வீடுகளுக்குள் நுழைந்தது. அதனுடன், தொட்டிக்கு ஒரு துப்புரவாளன் வேண்டும் என்ற கொள்கையும் நுழைந்தது.

கெளுத்தியின் கதை வேறிடத்தில் தொடங்குகிறது. 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் பயணம் செய்த சார்லஸ் டார்வின், தென் அமெரிக்காவிலிருந்து கொணர்ந்த மீன்களுள் புள்ளிகள் நிறைந்த சிறு கெளுத்தி ஒன்றும் இருந்தது. அதனை 1842-இல் லெனர்டு ஜெனின்ஸ் என்ற பாதிரியார் விவரித்து எழுதினார். கோரிடோராஸ் என்று மீன் வளர்ப்போர் அழைக்கும் கூட்டத்தைச் சேர்ந்தது அது. அந்நூற்றாண்டு முடியுமுன்பே பாரிஸ் நகரத்துத் தொட்டியில் முட்டையிட்டுப் பெருகியது. மீசையால் மண்ணைக் கிளறி இரை தேடும் அதன் இயல்பைக் கண்டவர்கள், நத்தையின் உத்தியோகத்தை அதற்கும் கொடுத்துவிட்டார்கள் என்றே நான் கருதுகிறேன். இருபதாம் நூற்றாண்டில் மீன் வளர்ப்போரிடையே நெடுங்காலம் அதற்குத் துப்புரவு மீன் என்ற பெயரே வழங்கிற்று.

ஆனால், அம்மீன் மண்ணில் தேடுவது அழுக்கை அன்று. புழுக்களையும் பூச்சிகளின் இளம் உயிர்களையும் தேடுகின்றது. எஞ்சிய தீனியைத் தின்றாலும், தின்றதைக் கழிவாக அதே நீரில் தான் விடுகின்றது. கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியா என்ற நஞ்சை மாற்றுபவை கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள். அத்தகைய நுண்ணுயிர்களை 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வினோகிராட்ஸ்கி என்ற ருஷ்ய விஞ்ஞானி பிரித்துக் காட்டினார். ஆகவே, தொட்டியைத் தூய்மை செய்யும் மீன் என்று ஒன்று இல்லை. பட்டத்தை நம்பித் தனித்தீனி இடாதவர்களின் வீட்டில், மேலே நீந்தும் மீன்கள் யாவற்றையும் உண்டுவிட, கெளுத்தி பட்டினியால் மெலிந்து மடிகின்றது.

இதனை வளர்ப்போர் செய்யத்தக்கவை சில. அடியில் மென்மணல் பரப்புங்கள். கூரிய கற்களும் அழுகிய அடிமண்ணும் மீசையைக் கெடுக்கும். ஒன்றாக விடாது ஆறேனும் கூட்டமாக விடுங்கள். விளக்கணைக்கும் வேளையில் நீரில் அமிழும் தீனியை இடுங்கள். கோரிடோராஸ் இடையிடையே மேலே வந்து காற்றை விழுங்கிக் குடலின் வழியாகவும் சுவாசிக்கும்; எனவே, நீருக்கும் மூடிக்கும் இடையே வெளி விடுங்கள். வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். குழாய் நீராயின் குளோரினை நீக்கிய பின்னரே ஊற்றுங்கள்.

துப்புரவு செய்ய வேண்டியவர் தொட்டிக்கு வெளியே இருக்கும் நாம்தாம்.